வாசகர் கேள்வி பதில்: காய்ந்துவிட்டால் அது ஏரி இல்லையா?

போன இதழில் நீலகிரி அணைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி அணையைப் பற்றியே இல்லை, மழைக்கு நிரம்பி வெயிலுக்குக் காய்ந்துபோகும் பள்ளங்களையும் குளங்களையும் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும். பெயர் போட வேண்டாம் என்று சிலர் சொன்னதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

எங்கள் ஹட்டிக்கு (மலைக் கிராமத்துக்கு)க் கீழே பள்ளத்தில் ஆடி முதல் தை வரை தண்ணீர் தளும்பி நிற்கும். மாசி, பங்குனியில் வெறும் புல்தரை. பொக்லைன் விட்டு இரண்டு ஆள் ஆழம் தோண்டினால் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் என்கிறார்கள். ஒப்பந்தக்காரர் வந்து பார்த்துவிட்டும் போய்விட்டார். செய்யலாமா?
*மஞ்சூர் வாசகர்*

செய்யாதீர்கள். ஒப்பந்தக்காரர் மறுபடி வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் சொல்லும் பள்ளத்தில் காலை வைத்தால் கணுக்கால் வரை கருப்புச் சேறு உள்ளே இழுக்கும், இல்லையா? அது சாதாரண வண்டல் கிடையாது. நம் மலையில் குளிர் அதிகம், பள்ளத்தில் தண்ணீர் தேங்குவதால் மண்ணுக்குள் காற்றும் புகாது, அதனால் செத்த புல்லும் வேரும் முழுதாக மக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கருப்பாகிக் கிடக்கின்றன. பீட் என்று சொல்வார்கள். அதற்குக் கீழே களிமண். மழைத் தண்ணீர் உங்கள் பள்ளத்தில் மாதக்கணக்கில் நிற்பதற்கு இந்த இரண்டும்தான் காரணம். பொக்லைன் வாளி களிமண்ணைக் கிழித்துவிட்டால் தண்ணீர் கீழே போய்விடும். கிழிக்காவிட்டாலும் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, சுற்றியிருக்கும் சதுப்பில் ஊறிக்கிடக்கும் தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குள் வடிய ஆரம்பிக்கும். அதைப் பார்த்து ஊர்க்காரர்கள் "பார், எவ்வளவு தண்ணீர்!" என்று சந்தோஷப்படுவார்கள், போட்டோவும் எடுப்பார்கள், ஆனால் கரையோரத்துப் பீட் காய்ந்து, காற்றுப் பட்டுப் பொடியாகி, தீப்பிடித்தால் எரியக்கூட எரியும். அப்புறம் வரும் கோடைகளில் பள்ளத்துக்குக் கீழே இருக்கும் ஊற்றுகள்தான் முதலில் மெலியும்.

இந்தச் சேற்றின் வயதையும் யோசியுங்கள். ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் இப்படிப்பட்ட பீட்டைத் துளைத்து எடுத்து, அதிலுள்ள கரிமத்தை ஆராய்ந்து, இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் உள்ளிட்டோர் 1993-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஏறக்குறைய 20,000 வருஷத்துக்கு முன்னால் உலகமே குளிர்ந்து இங்கே மழை குறைந்திருந்தபோது வறட்சி தாங்கும் புல் பரவியிருந்தது, பின்னால் மழை கூடியபோது வேறு வகைத் தாவரங்கள் மேலோங்கின, இந்தக் கதை முழுக்க அந்தச் சேற்றில் அடுக்கடுக்காகப் பதிவாகியிருக்கிறது. ஒரு நாள் வாடகை பொக்லைனுக்கு அதைத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வராது.

சதுப்பு இருந்தால் வெள்ளமே வராது என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நான் சொல்ல மாட்டேன். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்படிப் பெய்தால் எந்தச் சதுப்பும் தாங்காது. சாதாரண மழையைத்தான் அது பிடித்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிறது. அந்த ஓடைகள் குந்தா வழியாகப் பில்லூர் அணைக்குப் போய், அங்கிருந்து கோயம்புத்தூர்க் குழாயில் வருகின்றன. ஆக இது உங்கள் ஹட்டியோடு முடியும் விஷயமும் இல்லை.

ஊருக்குத் தண்ணீர் வேண்டும், அது நியாயம். சதுப்பைத் தொடாமல் அதற்குக் கீழே ஊற்று வெளிவரும் இடத்தில் தொட்டி கட்டுங்கள். கேரட் போடுவதற்காக யாராவது சதுப்பின் ஓரத்தில் வடிகால் வெட்டியிருந்தால் அதை மண்ணும் கல்லும் போட்டு அங்கங்கே அடையுங்கள். செலவு குறைவு, தண்ணீர் கூடுதல் நாள் நிற்கும்.

மாடு, எருமை மேய்வதால் சதுப்பு கெடுகிறது, வேலி போட வேண்டும் என்று ஒரு தன்னார்வ அமைப்பு சொல்கிறது. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து மேய்கிறதே?
*ஊட்டி வாசகர்*

முழுக்க வேலி போடுவதை நான் ஏற்கவில்லை. தோடர் எருமைகள் எத்தனையோ தலைமுறையாக இந்தப் பள்ளங்களில் மேய்ந்து, சேற்றில் புரண்டு வந்திருக்கின்றன, அந்த மேய்ச்சலோடு சேர்ந்துதான் இந்தப் புல்லும் இருந்து வந்திருக்கிறது. தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு வேயும் புல் ஒன்று இருக்கிறது, எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்பது அதன் அறிவியல் பெயர். அது சதுப்பில்தான் வளரும், இன்றைக்கு அரிதாகிவிட்டது. அதை அழித்தது எருமையா? சதுப்பை வடித்துத் தோட்டம் போட்டதும், மரம் நட்டதும், அணைக்குள் மூழ்கடித்ததும்தான். மேய்கிற தலைகள் அளவுக்கு மீறினால், அதுவும் மண் ரொம்ப ஊறியிருக்கும் மாதங்களில் மிதித்தால், சேதம் உண்டுதான். ஒரு பகுதியை மட்டும் சில மாதம் விட்டுவைக்கும்படி மேய்ப்பவர்களிடமே பேசினால் போதும். வேலிக் கம்பி விலைக்கு எவ்வளவோ செய்யலாம்.

கொடைக்கானல் ஏரியும் ஊட்டி ஏரியும் இயற்கையானவை என்கிறான் மகன், செயற்கை என்கிறேன் நான். ஐம்பது ரூபாய் பந்தயம்.
*பண்ணைக்காடு வாசகி*

மகனிடம் வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. ஊட்டி ஏரி கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் ஓடைகளை மறித்துக் கட்டியது. கொடைக்கானல் ஏரி 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் முயற்சியில் உருவானது. ஆனால் மகனுக்கும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கலாம். கரை எழுப்புவதற்கு முன்னால் அந்த இடங்கள் வெறும் தரிசாக இருக்கவில்லை, ஓடை பரந்து ஊறிக்கிடந்த சதுப்புகள் அவை, மழையில் விரிந்து கோடையில் சுருங்கும். பேரிஜமும் அப்படித்தான், அணை வருவதற்கு முன்பு அங்கே பெரிய சதுப்புதான் இருந்தது. இன்றைக்கு அது பெரியகுளத்துக்குக் குடிநீர் கொடுக்கிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. அந்த ஒரு கட்டுப்பாட்டால்தான் மூன்றில் பேரிஜம் மட்டும் பார்க்கும்படி இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஊட்டி ஏரி முதலில் இப்போதைவிடப் பெரிது. அதன் ஒரு பகுதியைத் தூர்த்த இடத்தில்தான் பஸ் ஸ்டாண்டும் ரேஸ்கோர்ஸும் வந்தன. கனமழை பெய்தால் ரயில்வே பாலத்தடியில் வண்டி மிதக்கிறது என்று ஒவ்வொரு வருஷமும் செய்தி போடுகிறார்கள். தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வருகிறது, இதில் செய்தி என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிவதில்லை. கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊர்க் கழிவும் ஏரிக்கே வந்து சேர்வது தனிக் கதை, அதற்கு ஒரு இதழே வேண்டும்.

எங்கள் ஊர்க் குளம் ஆறேழு மாதம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. மழை பெய்து நிரம்பிய பத்து நாளில் தவளை, தலைப்பிரட்டை, தட்டான், சின்னச் சின்ன இறால் மாதிரி ஏதோ நீந்துவது எல்லாம் வந்துவிடுகின்றன. மழையோடு வானத்திலிருந்து விழுகின்றன என்று என் தாத்தா சொல்வார். எங்கிருந்துதான் வருகின்றன?
*ஒட்டன்சத்திரம் வாசகர்*

இந்த மாதத்தின் மிக நல்ல கேள்வி இதுதான். மலை மேலே இருப்பவர்களும் படிக்கலாம்.

பாதிப் பேர் எங்கும் போகவே இல்லை, உங்கள் காலடியில்தான் இருந்தார்கள். அந்த இறால் மாதிரி நீந்துவது மல்லாக்காக, வயிறு மேலே தெரிய நீந்துகிறதா என்று பாருங்கள். ஆமாம் என்றால் அது ஃபேரி ஷிரிம்ப் எனப்படும் சிற்றுயிர். தமிழ்நாட்டுக் குளங்குட்டைகளில் ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் என்ற வகை உண்டு. தண்ணீர் இருக்கிற சில வாரத்துக்குள் பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். முட்டை மட்டும் காய்ந்த மண்ணில் வெயிலையும் புழுதியையும் தாங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்கும். இதில் இன்னொரு சாமர்த்தியம் இருக்கிறது, முதல் மழைக்கு எல்லா முட்டையும் பொரிப்பதில்லை. கோடை மழை ஏமாற்றிவிட்டுப் போனால் பொரித்தவை செத்துவிடும், மீதி அடுத்த மழைக்குக் காத்திருக்கும். விதையை எல்லாம் ஒரே பட்டத்தில் போடாத விவசாயி மாதிரி.

தவளைகளில் பல இனங்கள் மண்ணைக் குடைந்து உள்ளே போய் அசையாமல் கிடந்து, மழைச் சத்தமும் ஈரமும் வந்ததும் மேலே வருகின்றன. அன்று ராத்திரி போடும் கச்சேரியைக் கேட்டிருப்பீர்கள். தலைப்பிரட்டைகளுக்கோ நேரம் குறைவு, தண்ணீர் குறையக் குறையச் சில இனங்கள் வளர்ச்சியை வேகப்படுத்தி, உடம்பு சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை என்று காலை முளைக்கவிட்டுக் கரையேறிவிடும். விரால், பனையேறிக் கெண்டை போன்றவை காற்றையும் சுவாசிக்கும் மீன்கள், ஈரச் சேற்றில் கொஞ்ச காலம் ஓட்டிவிடும். மற்ற மீன்கள் ஓடை வழியாக மேலிருந்து வருபவை.

தட்டான் மட்டும், தாத்தா சொன்ன மாதிரி, வானத்திலிருந்துதான் வந்தது. பருவமழையோடு கூட்டமாகப் பறக்குமே மஞ்சள் தட்டான், பாண்டலா ஃபிளாவெசென்ஸ், அது மழைக் காற்றோடு போய்ப் புதிதாகத் தேங்கிய தண்ணீரைத் தேடி முட்டையிடும். குஞ்சு ஒன்றரை, இரண்டு மாதத்துக்குள் வளர்ந்து பறந்துவிடும். மாலத்தீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-ல் எழுதியதைப் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. இந்தத் தட்டான்கள் இந்தியாவிலிருந்து கிளம்பி, மாலத்தீவு வழியாக, கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்கிறார் அவர். மாலத்தீவில் தட்டான் வளர்கிற அளவுக்கு நல்ல தண்ணீர்த் தேக்கமே கிடையாது, இருந்தும் அக்டோபரிலிருந்து லட்சக்கணக்கில் வந்து இறங்குகின்றன, அதைப் பார்த்துத்தான் அவர் பின்தொடர்ந்திருக்கிறார். உங்கள் குளத்தில் பிறந்த ஒன்று அதில் இருந்திருக்கலாம்.

இவ்வளவும் நடப்பதற்குக் குளம் வற்றியே ஆக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். வற்றாமல் இருந்தால் பெரிய மீன்கள் நிரந்தரமாகத் தங்கிவிடும், தலைப்பிரட்டையும் ஃபேரி ஷிரிம்பும் அவற்றுக்குத் தீனி. காய்ந்த மாதங்களில் அடிமண்ணில் காற்றுப் புகுந்து கிடந்ததெல்லாம் மக்குகிறது, சாணி விழுகிறது, விதைகள் முளைக்கின்றன, அடுத்த நீருக்கு அதுதான் உரம். கீழ்நாட்டுக் குளங்களில் அளவாக வண்டல் எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை, அது பழைய வழக்கம்தான். செங்குத்தாக வெட்டிக் கிணறு மாதிரி ஆக்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். உள்ளான் மாதிரிக் குட்டைக்கால் பறவைகளுக்கு விரல்கடை, சாண் ஆழத் தண்ணீர் உள்ள சரிவான ஓரம் வேண்டும்.

கொசு வருகிறது என்று பள்ளத்துத் தண்ணீரில் கம்பூசியா மீன் விடலாமா? ரெயின்போ ட்ரௌட்டும் விடலாமே?
*குன்னூர் வாசகர்*

இரண்டும் வேண்டாம். கம்பூசியா கொசுப்புழுவோடு தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்னும், வெள்ளம் வந்தால் ஓடையில் இறங்கிவிடும், அப்புறம் திருப்பி அழைக்க முடியாது. ட்ரௌட்டை வெள்ளைக்காரர் தூண்டில் போடுவதற்காகக் கொண்டுவந்தார்கள், அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்தார்கள், அதோடு நிற்கட்டும். கொசுவுக்கு முதலில் வீட்டுப் பின்னால் கிடக்கும் டயரையும் டிரம்மையும் கவிழ்த்து வையுங்கள்.

கூக்கால் பக்கம் சீகை (வாட்டில்) மரத்தை வெட்டினால் வற்றிப்போன சதுப்பு திரும்பி வருமா? மரம்தானே மழையைத் தருகிறது என்று பள்ளியில் படித்தோம், இப்போது வெட்டச் சொல்கிறார்களே?
*மன்னவனூர் வாசகர்*

எந்த மரம், எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும். சோலைக்குள், அதாவது மலையின் இயல்பான காட்டுக்குள், இருக்கும் மரம் வேறு, புல்வெளியின் நடுவில் வரிசையாக நட்ட சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வேறு. பள்ளங்களில் மார்கழி, தை உறைபனி இறங்கும் என்பதால் சோலை மரக் கன்றுகள் அங்கே தலையெடுக்காது, புல்லும் சதுப்பும்தான் இயல்பு. வெளிநாட்டு மரம் பனியையும் தாங்கி வளர்ந்துவிட்டது. அது எவ்வளவு குடிக்கிறது என்பதற்கு நம் மலையிலேயே கணக்கு இருக்கிறது. கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டு, இன்னொன்றில் 1972-ல் கற்பூர மரம் நட்டு, ஊட்டி மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் ஓடையை அளந்தார்கள். முதல் பத்து வருஷத்தில் மரம் நட்ட பக்கம் தண்ணீர் வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டி, மறுபடி துளிர்க்கவிட்ட இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம். இது கற்பூர மரத்தின் கணக்கு, சீகைக்கு அப்படியே பொருத்த வேண்டாம், ஆனால் போகிற திசை தெரிகிறது.

உங்கள் பழனி மலையில் நிலைமை இன்னும் மோசம். 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது.

வெட்டினால் திரும்புமா என்றால், வெட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் திரும்பாது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், வெயில் பட்டதும் தலைமுடி மாதிரி அடர்த்தியாக முளைக்கும். வருஷா வருஷம் கன்று பிடுங்க ஆளும் காசும் இருந்தால் மட்டும் ஆரம்பியுங்கள், அதுவும் சதுப்பின் ஓரத்திலிருந்து சின்னச் சின்னத் துண்டாக. பீட் அடியில் பத்திரமாக இருந்தால் தண்ணீர் முதலில் வரும், புல் பின்னால் வரும்.

கொடைக்கானல் ஓடையோரம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும் லில்லி எங்கள் வீட்டுத் தொட்டியில் வளருமா?
*மதுரை வாசகி*

மதுரை வெயிலில் கஷ்டம். அது தென்னாப்பிரிக்காவிலிருந்து தோட்டத்துக்கு வந்து சதுப்புக்குள் தப்பிப்போன காலா லில்லி, போட்டோவுக்கு அழகு, அதற்குக் கீழே நம் அழகண்ணிக்கும் மற்ற குட்டிச் செடிகளுக்கும் இடமில்லாமல் செய்துவிடுகிறது. கிழங்கோடு பிடுங்கிப் போனால் மலைக்கு உபகாரம் என்று சொல்ல ஆசை, ஆனால் காட்டில் எதைப் பிடுங்கினாலும் வனத்துறை அபராதம் போடும்.

சர்வேயர் சித்திரையில் வந்து, "தண்ணீரே இல்லையே, இதை எப்படி நீர்நிலை என்று எழுதுவது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சட்டம் என்ன சொல்கிறது?
*கோத்தகிரி வாசகர்*

1971-ல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ நீர் நிற்கும் இடங்கள் எல்லாமே ஈரநிலம் என்றுதான் சொல்கிறது. இந்தியாவும் அதில் இருக்கிறது, 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஈரநில விதிகளும் தற்காலிக நீரைச் சேர்த்தேதான் பேசுகின்றன. ஆக, சித்திரையில் காய்ந்திருப்பது ஒரு காரணமே இல்லை. உங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. லாங்வுட் சோலை, 116 ஹெக்டேர், 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே படகு விடும் ஏரி ஏதாவது இருக்கிறதா என்ன?

ஆனால் சட்டத்தை நம்பி மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள், ஓட்டைகள் உண்டு. குடிநீருக்கும் பாசனத்துக்கும் மனிதர் கட்டியவற்றை 2017 விதிகள் வெளியே விட்டுவிட்டன. 2011-ல் வந்த தேசிய ஈரநில வரைபடத்தில் 2.25 ஹெக்டேருக்குக் குறைவான 5,55,557 நீர்நிலைகள் வெறும் புள்ளிகளாகத்தான் இருக்கின்றன, உச்ச நீதிமன்றம் 2017-ல் காக்கச் சொன்ன 2,01,503 ஈரநிலங்கள் அந்த அளவுக்கு மேற்பட்டவை. மலைப் பள்ளங்கள் பல ஐந்தாறு ஏக்கர்கூட இருக்காது, அப்படியே விரலிடுக்கில் நழுவிவிடும்.

அதனால் வேலை உள்ளூரில்தான். முதலில் கிராமத்து நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் பாதிச் சண்டை முடிந்தது. மேய்ச்சல் புறம்போக்கு, தரிசு என்றிருந்தால் வகைமாற்றம் கேட்டு மனு போட வேண்டும், பட்டா என்றால் உரிமையாளரோடு பேச வேண்டும், அது வேறு விதமான பொறுமை. மழை மாதங்களில் ஒரே இடத்தில் நின்று தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு வாய்ப்பு இருக்கிறது. என்னைக் கேட்டால் தண்ணீர் நிற்கும் நாளில், அதாவது ஆகஸ்டிலோ நவம்பரிலோ போடுங்கள், சர்வேயரையும் அப்போதே அழையுங்கள்.

வெளிநாட்டிலும் இப்படிக் காயும் ஏரிகள் உண்டா, இல்லை நமக்கு மட்டும்தான் இந்தத் தலைவலியா?
*கூடலூர் வாசகர்*

நிறைய உண்டு. ஸ்லோவேனியாவில் செர்க்னிட்சா என்று ஒரு ஏரி, நிரம்பினால் இருபது சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவும், கோடையில் சுண்ணாம்புப் பாறைத் துளைகள் வழியாகக் காணாமல் போய்விடும். நிரம்பினால் மீன் பிடிப்பார்கள், காய்ந்தால் அதே இடத்தில் புல் அறுப்பார்கள். வால்வசோர் என்பவர் அது எப்படி நடக்கிறது என்று விளக்கி எழுதியதற்காக 1687-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் ஐர் ஏரி பல வருஷம் உப்புத் தரையாகக் கிடந்து, பெருவெள்ளம் வரும்போது கடல் மாதிரி விரியும், 1974-ல் வந்ததுதான் பெரிய நிரம்பல். அதைத் தோண்டி ஆழப்படுத்தலாம் என்று யாரும் ஒப்பந்தக்காரரைக் கூட்டி வந்ததாகத் தெரியவில்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு சதுப்புக்கு அழைத்துப் போக நினைக்கிறேன். எந்த மாதம் நல்லது சார்?
*ஊட்டி ஆசிரியை*

ஒரு மாதம் போதாது டீச்சர், ஒரே இடத்துக்கு இரண்டு தடவை போங்கள். ஆவணி, புரட்டாசியில் ஒரு முறை, பங்குனியில் ஒரு முறை. முதல் தடவை தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சி நட்டு வைத்துவிட்டு வந்தால் இரண்டாம் தடவை எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று அவர்களே அளந்துகொள்வார்கள். புல்லில் நீலகிரி நெட்டைக்காலி தெரிந்தால் அதிர்ஷ்டம், ஈரமான புல்வெளியை விட்டு அதிகம் நகராத பறவை அது.

வழுக்காத பூட்ஸ், அட்டைக்கு உப்பு. கருப்புச் சேற்றில் ஓரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நடுவில் புல் மெத்தை மாதிரி தெரியும், கால் வைத்தால் இடுப்பு வரை இறங்கும். ஒரு சதுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போவதானால் நடுவில் பூட்ஸைக் கழுவிவிடுங்கள், விதையும் நோய்க்கிருமியும் அதில் ஒட்டிக்கொண்டு போகும். காட்டுமாடு நின்றால் திரும்பி வந்துவிடுங்கள், போட்டோ வேண்டாம். காப்புக்காடாக இருந்தால் வனத்துறைக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள், கடிதத்தில் எத்தனை பிள்ளைகள், எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தெளிவாகப் போட்டால் வேலை சுலபம்.